பச்ச மண்ணு அளவு, வெந்த மண்ணு அளவு

வா தம்பி, குந்து. துண்ட விரிச்சுக்கிட்டுக் குந்து, திண்ணைச் சுண்ணாம்பு பேண்ட்டுல ஒட்டிக்கும். கையில என்னா, போனா? வூட்டுக் கடனுக்கு மாசத் தவணை கணக்குப் போடுற ஆப்பா? எங்கூருல ஆப்புன்னா மரம் பொளக்க அடிக்கிறது. அதைப் புடுங்கப் போயி வால மாட்டிக்கிட்ட கொரங்கு கதை ஒனக்குத் தெரியுமில்ல? தெரியும். தெரிஞ்சுதான் குந்தியிருக்குற.

காட்டு பாப்பம். ஒரு கோட்ட இந்தாண்ட இழுத்தா லட்சம் ஏறுது, அந்தாண்ட இழுத்தா வருஷம் ஏறுது. பலே! இம்மாஞ் சுளுவா ஒருத்தனுக்குக் கடன் ஏறுனா, அந்தக் காலத்துல வேப்பெல அடிச்சு எறக்கியிருப்பாங்க.

மெட்ராசுல ஃபிளாட்டு பாத்துட்டியாமே? 40 லட்சமாமே? பேருல ‘ராயல்’னு வருதாமே? ராசா வூடு போல. ரெண்டு ரூம்பு, ஒண்ணர சன்னல். பால்கனியில ஒரு ஆளு நின்னா ரெண்டாவது ஆளு கொடியில காயணும். மாதிரி வூடுன்னு ஒண்ணு காட்டுனாங்களே, அங்க கெடந்த கட்டில்ல படுத்துப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. காலு வெளிய நீட்டியிருக்கும். கட்டில் சின்னதாயிட்டா ரூம்பு பெருசாயிடும், இது ஒரு வித்தை.

சரி, சிரிச்சது போதும். நான் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில சூளைகிட்ட நின்னவன். இந்த நல்லூருலேருந்து விடியக்காலம் பஸ் ஏறிப் போவன், பொழுது சாஞ்சு வருவன். கொலு பொம்ம, அகல் வெளக்கு, கரண்டு கம்பத்துக்குப் போற பீங்கான், வூட்டுப் பொட்டியில மாட்டுற ஃபியூஸ் கட்ட, எல்லாம் இந்தக் கையில ஏறி எறங்குனதுதான். அங்க நான் கத்துக்கிட்டது ஒரே ஒரு பாடம். செராமிக் காலேஜுல படிச்ச பசங்க அதுக்கு என்னமோ பேரு சொல்லுவாங்க, நான் மண்ணுபாட்டுக்குச் சொல்றன். மண்ணு சுருங்கும்.

அச்சுல ஊத்தி எடுக்கறப்போ பொம்ம பத்து விரக்கட இருக்கும். காயறப்போ கொஞ்சம் சுருங்கும். சூளையில வெந்து வந்தா ஒம்பது விரக்கடதான் நிக்கும். மண்ணப் பொறுத்து இன்னுங்கூடக் கொறையும். அதனால அச்சு செய்யிறவன் மொதல்லயே கணக்குப் பண்ணி அச்சைப் பெருசாப் போடுவான். ஃபியூஸ் கட்ட ஒரு நூலு கொறஞ்சாலும் பொட்டியில பொருந்தாது பாரு. பச்ச மண்ண அளந்துட்டு, வெந்த மண்ணும் அவ்ளோதான் இருக்கும்னு எவனாச்சும் நெனைப்பானா?

நீ நெனைச்சிருக்கியே!

ஒன் சம்பளம் எம்புட்டு? வருஷத்துக்கு 9 லட்சம்னு கம்பேனி காயிதம் குடுத்திருக்குது. அப்ப மாசம் 75,000-ன்னு ஊரெல்லாம் ஒங்கம்மா சொல்லிட்டா. அது பச்ச மண்ணு. அதுல ஒன் பங்கு பிஎஃப் போவும். கம்பேனி பங்கு பிஎஃப்பையும் ஒன் சம்பளத்துலதான் சேத்துக் காட்டியிருப்பாங்க. அஞ்சு வருஷம் ஒரே எடத்துல இருந்தாத்தான் கெடைக்கிற கிராஜுவிட்டியும் அதுக்குள்ள குந்தியிருக்கும். புது முறையில 12 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லன்னு வந்ததால அந்த மட்டும் பொழைச்ச. கையில வர்றது 65,000 சொச்சம். இது காஞ்ச மண்ணு. இன்னும் சூளைக்கே போவல.

சூளை எதுன்னு கேக்குறியா? குடும்பந்தான். ஒங்கப்பன் சக்கர மாத்திர, ஒங்கக்கா மவளுக்குக் காது குத்து, தாய்மாமன் சீரு, பங்காளி வூட்டு மொய், வண்டி டியூ, நாளைக்கு ஒனக்குப் பொறக்கப் போற புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துப் பீசு. இதையெல்லாம் அந்த ஆப்பு கேட்டுச்சா? சம்பளம் எவ்ளோ, வேற கடன் இருக்குதா, அம்புட்டுத்தான் கேட்டுச்சு. மொய் நோட்டப் பத்தி அதுக்கு என்னா தெரியும்?

பேங்குக்காரங்க ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க. கையில வர்றதுல பாதி வரைக்குங்கூடத் தவணைக்குப் போவலாம்னு. 65,000-ல பாதி 32,500. எட்டர சதவீத வட்டி, 20 வருஷம்னா அதுக்கு 37 லட்சம் வரைக்கும் கடன் வரும். ஒடனே போனுல சேதி வருது: “வாழ்த்துகள், ஒங்களுக்கு 37 லட்சம் வாங்கத் தகுதி இருக்குது.” நீ மீசைய முறுக்குற. ஏண்டா தம்பி, கோயில்ல கெடாவுக்குந்தான் மால போடுறாங்க. தலையில மஞ்சத் தண்ணி தெளிச்சா அது சிலுப்பும். “பாரு, தலைய ஆட்டிடுச்சு, உத்தரவு குடுத்துடுச்சு”ன்னு அப்பறந்தான் அருவா வரும். நீ போனுல ‘சம்மதம்’னு அமுக்குனியே, அதுவும் அந்தச் சிலுப்பல்தான்.

கடனே வாங்காதன்னு சொல்லல. சும்மா கெடந்த வாயில வார்த்தய வெக்காத. கடன் இல்லாம வூடு கட்ட நீ என்னா விபசித்து முனிவரா? அந்தக் கத தெரியாதா? நம்ம விருத்தாசலம் பழமலைநாதர் கோயில்ல வன்னி மரம் நிக்குதே, கோயில் கட்டுறப்ப வேல செஞ்சவங்களுக்குச் சாயங்காலம் அந்த மரத்து எலையத்தான் உருவிக் கூலியாக் குடுத்தாராம் முனிவரு. ஆத்தாண்ட போறதுக்குள்ள எலை காசா மாறிடுமாம். ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம். ஒழைச்ச அளவுக்குத்தான் எலை காசாவும். ஓபி அடிச்சவன் கையில வெறும் எலைதான். ஒன் பேங்குல ஒழைச்சவன், ஒழைக்காதவன் எல்லாருக்கும் மொதல்லயே எலையக் காசா மாத்திக் குடுத்துடுறாங்க. ஒழைப்ப அப்பறம் 20 வருஷம் வசூல் பண்ணிக்குவாங்க.

இப்ப தவணை சங்கதிக்கு வா. ஆப்ப மூடு. நான் ஒண்ணு சொல்றன், மனசுல முடிஞ்சு வெச்சுக்க. எட்டர சதவீதம், 20 வருஷம்னா, ஒரு லட்சத்துக்கு மாசம் 868 ரூவா. முடிஞ்சுது. 30 லட்சமா? முப்பதால பெருக்கு. 26,035 வரும், ஒனக்கும் எனக்கும் நடுவுல அஞ்சு ரூவா முன்னப் பின்ன ஆவும், அதுக்கா சண்ட?

அந்த 26,035 எங்க போவுது தெரியுமா? மொத மாசம் 21,250 வட்டிக்கு. அசலுக்குக் கழியிறது 4,785 ரூவா. நீ பெருசாக் கட்டுனன்னு நெனைச்சுக்கிட்டுப் போயி பிரியாணி திங்கிற, அங்க 30 லட்சம் அப்பிடியே குத்துக்கல்லு மாதிரி குந்தியிருக்குது. மாசா மாசம் கொஞ்சூண்டு வட்டி கொறையும், அசல் கூடும். அப்பிடி நகந்து நகந்து பாதி அசல், 15 லட்சம், கழியிறதுக்கு எத்தினி வருஷம் ஆவும் சொல்லு? பத்தா? 20-ல பாதி பத்துதானே? இல்லடா கண்ணு. 13 வருஷம் 10 மாசம். குடி போன வருஷம் பொறந்த புள்ள ஒம்பதாங்கிளாசு போயிருக்கும். மொத்தத்துல நீ கட்டுறது 62 லட்சத்து 48 ஆயிரம். வாங்குனது முப்பது. மீதி 32 லட்சத்துல இன்னொரு வூடு. ஆனா அது ஒன் பேருல இல்ல.

இத சொன்னா ஒடனே ஒனக்கு ஒரு புத்தி வருது பாரு: “தாத்தா, 30 வருஷமாப் போட்டா தவணை கொறையுதே!” கொறையும், யாரு இல்லன்னா? 23,067 ஆவும். மாசம் 2,968 ரூவா மிச்சம். அந்த மூவாயிரத்துக்காக மேல கட்டுறது எவ்ளோ? 20 லட்சத்து 56 ஆயிரம். மொளகா கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறச்சலா வாங்க சேலம் வரைக்கும் டாக்சி எடுத்துக்கிட்டுப் போனவன் கத. இதே 15 வருஷத்துல முடிக்கிறன்னு துணிஞ்சா தவணை 29,542. மாசம் 3,500 கூட. ஆனா மொத்தத்துல 9 லட்சத்துக்கு மேல மிஞ்சும். துணியறதுக்கு முன்னால வெந்த மண்ண அளந்துக்க, அவ்ளோதான்.

எங்கூரு காசியவிட ஒசத்தின்னு சொல்லுவாங்க. விருத்தகாசி. காசிக்கு வீசம் கூட. வீசம்னா பதினாறுல ஒரு பங்கு. நாங்க திண்ணப் பள்ளிக்கூடத்துல வீசம், காணி, முந்திரின்னு வாய்ப்பாடு படிச்சவங்க. முந்திரின்னதும் ஒனக்கு எங்க முந்திரிக் கொல்லதான் ஞாபகம் வரும். முந்திரின்னா 320-ல ஒண்ணு. அம்மாம் பொடிய எண்ணையும் விடமாட்டம். நீ என்னா சொல்ற? “கால் சதவீதந்தானே தாத்தா வித்தியாசம், போனாப் போவுது.” 30 லட்சத்துக்கு 20 வருஷத்துல அந்தக் கால் சதவீதம் 1 லட்சத்து 13 ஆயிரம் தம்பி. கத்திரிக்கா வாங்கறப்ப கறிவேப்பிலை கேட்டுச் சண்ட புடிக்கிற, பேங்குல போயி வாயில கொழுக்கட்ட வெச்சிருக்க.

வட்டி நின்ன எடத்துல நிக்குமா? அதுவும் இல்ல. ரிசர்வ் பேங்கு ரெப்போன்னு ஒரு வட்டி வெச்சிருக்குது. 2019 அக்டோபர்லேருந்து பேங்குகள்ல புதுசா வாங்குற மாறும் வட்டி வூட்டுக் கடனையெல்லாம் இந்த மாதிரி ஒரு வெளி அளவோட கட்டிப்புட்டாங்க, பெரும்பாலும் ரெப்போதான். கொரோனா வந்த 2020-ல அது 4 சதவீதத்துக்கு எறங்குச்சு. ஆகா, மலிவுன்னு 2021-ல 6.7-க்கு வாங்குனவங்க உண்டு. 30 லட்சத்துக்கு 22,700 சொச்சம் தவணை. அப்பறம் 2022 மே மாசத்துலேருந்து ஏத்துனாங்க பாரு, 2023 பிப்ரவரியில ரெப்போ 6.5. ரெண்டர சதவீதம் ஏறிப்போச்சு. 6.7 அப்ப 9.2 ஆச்சு. முழு 30 லட்சத்துக்கும் 9.2-ன்னா மாச வட்டி மட்டுமே 23,000. தவணையோ 22,700. அசல்ல கொஞ்சம் கழிச்சிருந்தவங்களுக்குங்கூட, கட்டுற காசு கிட்டத்தட்ட மொத்தமும் வட்டிக்கே சரியாப் போச்சு. வேடிக்க என்னான்னா, நெறைய பேருக்குத் தெரியவே தெரியாது. தவணை ஏறலியே, வருஷந்தானே ஏறுச்சு! அம்பது வயசுல முடிய வேண்டிய கடன் பென்சன் வாங்குற வயசுக்குப் போயிடுச்சு. அதுக்கப்பறந்தான் 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்கு சொல்லுச்சு: வட்டி மாறுனா வாங்குனவனைக் கேளு, தவணைய ஏத்தறியா, காலத்த நீட்டறியா, இல்ல நெலையான வட்டிக்கு மாறிக்கிறியான்னு. 2025-ல திரும்ப எறங்க ஆரம்பிச்சு, வருஷக் கடைசியில 5.25 ஆச்சு. எறங்கறப்ப நீ சிரிச்சது சரி. ஏறறப்ப தாங்குமான்னு இப்பவே பாத்தியா? ஒன் 30 லட்சத்துக்கு ரெண்டு சதவீதம் ஏத்திப் போட்டு, தூக்கம் வருதான்னு பாரு.

கையிலேருந்து போடுற காச மறந்துட்ட பாரு. 30 லட்சம் வரைக்கும் கடன்னா வூட்டு வெலையில 90 சதவீதம் வரைக்கும் குடுக்கலாம், அதுக்கு மேல 75 லட்சம் வரைக்கும் 80 சதவீதந்தான்னு ரிசர்வ் பேங்கு வரம்பு வெச்சிருக்குது. 40 லட்சத்துல நீ 30 கடன் வாங்குனா, பத்து நீ எடுத்து வெக்கணும். போதுமா? பத்திரம் யாரு பதியிறது? நம்ம தமிழ்நாட்டுல 50 லட்சம் வரைக்குமான புது ஃபிளாட்டுக்கு முத்திரத் தீர்வ 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 40-க்கு 2 லட்சத்து 40 ஆயிரம். பேங்குல கேட்டா இந்தச் செலவு வூட்டு வெலையில சேராதும்பாங்க. இன்னும் கட்டிக்கிட்டிருக்குற வூடுன்னா ஜிஎஸ்டி 5 சதவீதம், சின்ன வெல வூட்டுக்கு 1. கட்டி முடிச்சு சான்று வாங்குனதுன்னா ஜிஎஸ்டி இல்ல. அப்பறம் அலமாரி, வெளக்கு, ஃபேனு, கிரகப்பிரவேசம். கிரகப்பிரவேசத்துக்கு எங்களயெல்லாம் வேன் வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போவ இல்ல? அது யாரு காசு?

இந்தக் காசெல்லாம் எங்க இருக்குதுன்னு கேட்டா, “பர்சனல் லோன் போட்டுக்குறன்”னு சொல்லுற பாரு. குட்டிக் கடன வாங்கி மொட்டக் கடனுக்கு மால போடுறது. நான் பண்ணாததையா நீ பண்ணப் போற?

என் வூடு இருக்குதே, மொதல்ல இது கூர வூடு. தீவாளிக்குப் பட்டாசு வெடிச்சா நெஞ்சு பதறும். மல்லாட்ட நல்லா வெளஞ்ச ஒரு வருஷத்துல ஓடு போட்டன். பேட்டையில வேல நெலைச்சப்பறம் தளம் போட்டன். கடன் இல்லாம மூணு தபா கட்டுனன். அத்தோட வுட்டிருக்கலாம். எதுத்த வூட்டுக்காரன் மாடி கட்டுறான்னு எனக்குப் பொறுக்கல. தெரிஞ்சவர்கிட்ட மூணு ரூவா வட்டிக்கு வாங்குனன். மூணுதானேன்னு சிரிக்காத. பேங்குக்காரன் சொல்லுற எட்டர வருஷத்துக்கு, அவரு சொன்ன மூணு மாசத்துக்கு. வருஷத்துக்கு 36. மாடிப்படி கட்டி முடிக்கறதுக்குள்ள காசு தீந்துபோச்சு. ஒங்க பெரியாயி தோடு போச்சு. அதோ பாரு, படி அழகா இருக்குதா? இருபது வருஷமா வானத்துக்குப் போவுது. மேல மல்லாட்ட காயவெப்பம், பேத்திங்க ஏறி நின்னு சிக்னலு தேடுதுங்க.

இதே ஊராட்சிகள்ல கலைஞர் கனவு இல்லம்னு 2024-ல குடுக்க ஆரம்பிச்சாங்க. 360 சதுர அடி, மூணர லட்சம். அந்த வூட்டுக்குள்ளயும் சனங்க பொங்க வெக்கிறாங்க, புள்ள பெத்துக்குறாங்க. ஒன் ராயல் வூட்டுல சமையக்கட்டுக்குத் தீவு வெச்சிருக்காங்களாமே, நடுவுல? சோறாக்க எடம் பத்தாதப்ப தீவு எதுக்குடா? ராவணன் வர்றதுக்கா?

சரி, ஃபியூஸ் கட்ட செஞ்சவன்னு சொன்னனே, அதுக்குக் காரணம் இருக்குது. வூட்டப் பத்திரமா வெக்கிறது அந்தத் தடிச்ச பீங்கான் கட்டன்னு நெனைக்காத. நடுவுல மெல்லிசா ஒரு கம்பி ஓடுமில்ல, அதுதான். கரண்டு எக்குத்தப்பா வந்தா அது உருகி உசுர வுட்டு வூட்டக் காக்கும். ஒனக்கு அந்தக் கம்பி என்னா? ஆறு மாசத் தவணைய தனியா ஒரு கணக்குல போட்டு வெக்கிறது. கம்பேனி நாளைக்கு வெளியப் போன்னு சொன்னாலும் அரையாண்டு ஓட்டலாம். கம்பி இல்லாமப் பொட்டிய மாட்டுற வூடு எத்தினி பாத்திருக்கன் தெரியுமா? அதுல தாமரப் பூ போட்ட பொட்டி வேற.

வாங்குனப்பறமும் கொஞ்சம் சாமர்த்தியம் இருக்குது. போனசு வந்துச்சுன்னா வருஷத்துக்கு ஒரு தவணை கூட கட்டு. 20 வருஷத்துக் கடன் சுமார் 16 வருஷம் 8 மாசத்துல முடிஞ்சிடும். மாறும் வட்டிக் கடன முன்னால கட்டுனா பேங்கு தண்டம் வாங்கக் கூடாதுன்னு 2012-லயே சொல்லிட்டாங்க, தெகிரியமாக் கட்டு. கடைசித் தவணை முடிஞ்சா 30 நாளுக்குள்ள ஒன் பத்திரத்தத் திருப்பிக் குடுக்கணும், அவங்களால தாமசமானா நாளைக்கு 5,000 ரூவா ஒனக்குத் தரணும். 2023 டிசம்பர்லேருந்து இது ரிசர்வ் பேங்கு விதி. அதுவரைக்கும் ஒன் வூட்டுப் பத்திரம் அவங்க பீரோவுல, பூட்டு சாவி மட்டும் ஒன் இடுப்புல.

ஒரு கதையோட முடிச்சுடுறன், பஸ்ஸு வர நேரமாச்சு. நம்ம மணிமுத்தாறு இருக்குதே, இதுலதான் சுந்தரர் பொன்னப் போட்டாரு. திருமுதுகுன்றத்துல சிவன் குடுத்த பன்னெண்டாயிரம் பொன்னு. இங்க ஆத்துல போட்டுட்டுத் திருவாரூர் கொளத்துல எடுத்தாரு. ஆத்துல போட்டுக் கொளத்துல தேடுறதுன்னு நாம பைத்தியக்காரத்தனத்துக்குச் சொல்றமே, அந்தப் பேச்சு இங்கேருந்து போனதுன்னு சொல்லுவாங்க. ஒன் 40 லட்சமும் அப்பிடித்தான், இங்க போட்டு எங்கயோ எடுக்கப் பாக்குற. ஆனா ஒண்ணு கவனிச்சியா? ஆத்துல போடுறதுக்கு முன்னால சுந்தரரு மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டி மடியில வெச்சுக்கிட்டாரு, மச்சம்னு. அங்க எடுத்தப்ப மாத்து கொறஞ்சிருந்துச்சு. மச்சம் கையில இருந்ததாலதான் கேட்டுச் சரி பண்ணிக்கிட்டாரு. குடுத்தது கடவுளு. கூட இருக்கறது தோழரு. அப்பவும் அவரு மச்சம் வெட்டாமப் போடல. நீ மேனேஜர் கோட்டு போட்டிருந்தாருன்னு அம்பது பக்கத்துலயும் படிக்காமக் கையெழுத்துப் போடப் போற.

என்னா பண்ணணும்னு கேக்குறியா? இப்ப ஒன் வாடகை 12,000. வாங்கப் போற வூட்டுத் தவணை 26,035, பராமரிப்பு 3,000-ன்னு சொல்லிட்டாங்க. ஆக 29,035. வித்தியாசம் 17,035. நாளையிலேருந்து ஆறு மாசம், சம்பளம் வந்த அன்னிக்கே 17,035 ரூவாய ஒரு தனிக் கணக்குல போட்டுடு. போனு மாத்தாத, கோவா போவாத, எங்கிட்டயும் கைமாத்து கேக்காத. மொய், மாத்திர, காது குத்து எல்லாம் மீதியிலதான். அதுவரைக்கும் ராயலு எங்கயும் ஓடிடாது. ஓடுனாலும் பக்கத்துலயே இம்பீரியலுன்னு ஒண்ணு கட்டிக்கிட்டிருப்பான்.

ஆறு மாசம் கழிச்சு அந்தப் பாஸ்புக்க எடுத்துக்கிட்டு வா, இதே திண்ணையில குந்திப் பாப்பம். வர்றப்ப எனக்குக் கொஞ்சம் வெத்தல வாங்கிக்கிட்டு வா தம்பி. அதையும் தவணையில வாங்கிப்புடாத.